ஒரே வீட்டில் இரு விலை: முதியோர் டயப்பர் கொள்முதல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்சென்னையில் வேளச்சேரியை அடுத்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் குடும்பம் ஒன்றில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். வீட்டின் மூத்தவரான 82 வயது அம்மையார், பக்கவாதம் வந்தபின் படுக்கையில் இருக்கிறார். மகன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். காலையில் கிளம்பினால் வீடு திரும்ப இரவாகிவிடும். மருமகள் அரசு உதவிபெறும் பள்ளியொன்றில் ஆசிரியை. மாமியாரைப் பார்த்துக்கொள்வதும், அதற்கு வேண்டிய பொருள்களைத் தீர்ந்துபோகாமல் வாங்கி வைப்பதும் பெரும்பாலும் அவர் பொறுப்பாகவே இருந்து வருகின்றன. மகனின் தங்கை அதே குடியிருப்பில் இரண்டு மாடி மேலே இருக்கிறார். நினைத்த நேரத்தில் வந்து போகும் நெருக்கம் இரு வீட்டாருக்கும் உண்டு. அது இல்லாதிருந்தால் இந்த விவகாரம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அம்மையாருக்கு நாளொன்றுக்கு மூன்று டயப்பர் தேவைப்படுகிறது. 10 எண்ணிக்கை கொண்ட பாக்கெட் என்றால் மாதத்துக்கு 9 பாக்கெட். தெருமுனை மருந்துக் கடையில் பெரிய அளவு எப்போதும் இருப்பில் இருப்பதில்லை என்பதால், மருமகள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே இணைய விற்பனைத் தளத்தில், ஒரே கணக்கிலிருந்து, ஒரே நிறுவனத்தின் தயாரிப்பை வாங்கி வந்தார். பாக்கெட்டின் மேல் அச்சிட்ட அதிகபட்சச் சில்லறை விலை, அதாவது எம்.ஆர்.பி., 650 ரூபாய். சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகள், 2011 இன்படி எல்லா வரிகளும் உட்பட அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். அதற்குக் கீழே எந்த விலைக்கு விற்பது என்பது விற்பவர் விருப்பம். எம்.ஆர்.பி.யைவிடக் குறைவாகத்தானே கிடைக்கிறது என்ற நிறைவில், அந்தக் குறைவு எல்லோருக்கும் ஒரே அளவுதானா என்று நம்மில் யாரும் கேட்பதில்லை.

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் நுகர்வோர் புகார்களுக்கு உதவும் சிறு குழு ஒன்று உண்டு. அதன் சார்பில் இந்த விவகாரத்தைத் தொடக்கம் முதல் கவனித்தேன். குடும்பத்தாரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அவர்கள் பெயரும் நிறுவனத்தின் பெயரும் விடப்பட்டிருக்கின்றன.

முதலில் கண்டது

2025 மார்ச் மாதத்தில் ஓர் இரவு, கையிருப்பு இரண்டு டயப்பராகக் குறைந்திருந்த நேரத்தில், மருமகளின் வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. பணம் போகவில்லை. பார்க்க வந்திருந்த நாத்தனார், தன் கைபேசியிலிருந்து தானே ஆர்டர் போட்டுவிடுவதாகச் சொல்லி அதே பாக்கெட்டைத் தேடி எடுத்தார்.

“அண்ணி, 469தான் காட்டுது. நீங்க எவ்வளவுக்கு வாங்குறீங்க?”

“559. போன வாரமும் அதேதான் கொடுத்தேன்.”

அளவோ எண்ணிக்கையோ மாறியிருக்கும் என்று முதலில் இருவரும் எண்ணினர். இரண்டு திரைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தயாரிப்பு, அளவு, எண்ணிக்கை எல்லாம் ஒன்றாகவே இருந்தன. நாத்தனார் 469 ரூபாய்க்கு வாங்கிவிட்டார். மறுநாள் இருவரும் இரண்டு ஸ்கிரீன்ஷாட்டுகளுடன் எங்கள் குழுவிடம் வந்தனர். மருமகளின் கேள்வி நேரடியானது: “ரெண்டு வருஷமா வாங்குற எனக்கு அதிக விலை, இன்னிக்கு வந்தவங்களுக்குக் கம்மி விலையா?”

அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளை மட்டும் வைத்துப் புகார் எழுத முடியாது என்பதே எங்கள் முதல் முடிவு. ஒன்றில் விற்பனையாளர் பெயர் தெரிந்தது, மற்றதில் தெரியவில்லை. ஒன்று இறுதித் தொகையைக் காட்டும் பக்கம், மற்றது பொருளின் பக்கம். இரண்டுக்கும் இடையே சில நிமிட இடைவெளியும் இருந்தது. இணையத்தில் விலை மணிக்கு மணி மாறக்கூடியது. “அந்த இடைவெளியில் விலை மாறிவிட்டது” என்ற ஒரே வரிப் பதிலில் நிறுவனம் எளிதாக விலகிக்கொள்ளும். எனவே நேரம், முகவரி, விற்பனையாளர் ஆகியவற்றை ஒன்றாக வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் புதிதாகப் பார்ப்பதென்று தீர்மானித்தோம்.

எதைச் சோதிப்பது என்ற முடிவு

ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு விலை காட்டப்படுவதற்கு எங்கெங்கோ நடந்த முன்னுதாரணங்கள் இருக்கின்றன. எதையெல்லாம் ஐயப்பட வேண்டும் என்பதற்கு அவையே எங்களுக்கு வழிகாட்டின.

முதல் ஐயம் இருப்பிடம். அமெரிக்காவில் அலுவலகப் பொருள்கள் விற்கும் ஸ்டேப்பிள்ஸ் நிறுவனத்தின் இணையதளம், வாங்குபவர் இருக்கும் இடத்தைக் கணித்து, போட்டிக் கடை 20 மைலுக்குள் உள்ள பகுதியினருக்குப் பெரும்பாலும் குறைந்த விலையைக் காட்டியதை 2012 இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் சோதித்து வெளியிட்டது. அதன் விளைவாக, சராசரி வருமானம் குறைந்த பகுதிகளில் வசித்தவர்களே கூடுதல் விலையைக் கண்டனர். எங்கள் நிகழ்வில் இரு வீடும் ஒரே கட்டடத்தில் இருப்பதால் இந்த ஐயம் பெரிதாக நிற்கவில்லை. ஆனாலும் ஒரே கதவு எண்ணை இரு கணக்கிலும் போட்டுப் பார்ப்பது அவசியம் என்று கருதினோம்.

இரண்டாவது ஐயம் கைபேசி. மருமகளிடம் இருப்பது ஆண்ட்ராய்டு, நாத்தனாரிடம் இருப்பது ஐபோன். 2025 ஜனவரியில், ஐபோனிலிருந்து வாடகை வண்டியை அழைப்பவருக்கும் ஆண்ட்ராய்டிலிருந்து அழைப்பவருக்கும் கட்டணம் வேறுபடுகிறது என்ற புகாரின் பேரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா, ஊபர் நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. இரு நிறுவனங்களும் அதை மறுத்தன. எங்கள் நிகழ்விலோ ஐபோனில் காட்டிய விலைதான் குறைவு. அது ஒன்றே ஐயத்தை நீக்கிவிடாது என்பதால் கைபேசிகளை மாற்றிப் பார்ப்பதையும் திட்டத்தில் சேர்த்தோம்.

மூன்றாவது ஐயம் வெறும் தற்செயல். 2000 செப்டம்பரில் அமேசான் நிறுவனம் டி.வி.டி.க்களை வெவ்வேறு ஆட்களுக்கு வெவ்வேறு விலையில் விற்றதை வாடிக்கையாளர்களே ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். விலையை எப்படி வைக்கலாம் என்று அறிய, ஆள் யாரென்று பாராமல் தற்செயலாகப் பிரித்துச் செய்த சோதனை அது என்று நிறுவனம் விளக்கியது. கூடுதலாகக் கொடுத்த 6,896 பேருக்குச் சராசரியாக 3.10 டாலர் திருப்பியும் தந்தது. மருமகளின் கணக்கு அப்படியொரு குலுக்கலில் கூடுதல் விலைப் பக்கம் விழுந்திருக்கவும் கூடும். அதை அறிய இரண்டு கணக்குகள் போதாது. பாஸ்டனில் உள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 இல் 16 விற்பனைத் தளங்களைச் சோதித்து, அவற்றில் 9 தளங்களில் ஆளுக்கேற்ற விலையோ, பொருள்களை ஆளுக்கேற்ப மாற்றிக் காட்டும் வரிசையோ இருப்பதற்குச் சான்று கண்டனர். அவர்கள் ஒவ்வொரு ஒப்பீட்டிலும் எல்லா வகையிலும் ஒத்த இன்னொரு கணக்கையும் அதே நொடியில் இயக்கி, தானாக ஏற்படும் ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதை முதலில் அளந்துகொண்டார்கள். அந்த முறையை எங்கள் வசதிக்கேற்பச் சுருக்கிக்கொண்டோம்: மகனின் கணக்கை மூன்றாவதாகவும், எந்தக் கணக்கிலும் நுழையாத இன்காக்னிட்டோ பக்கத்தை நான்காவதாகவும் வைத்துக்கொண்டோம்.

சோதனையில் தெரியவந்தவை

சாப்பாட்டு மேசையில் ஒரு எவர்சில்வர் டப்பாவின் மேல் கைபேசிகளைச் சாய்த்து வைத்து, சுவர்க் கடிகாரமும் திரைகளும் ஒரே சட்டகத்தில் விழும்படி வேறொரு கைபேசியால் வீடியோ எடுத்தோம். எல்லாக் கணக்குகளிலும் மருமகளின் வீட்டு முகவரியே இருந்தது. பொருளின் பக்கத்தைத் திறப்பது, விற்பனையாளர் பெயர் தெரியுமாறு கீழே இறக்குவது, கூடையில் போடுவது, பணம் செலுத்துவதற்கு முந்தைய பக்கம்வரை போவது என ஒவ்வொரு படியையும் ஒரே நேரத்தில் செய்தோம். காலையிலும் இரவிலுமாகச் சில நாள்கள் இதைத் தொடர்ந்தோம்.

முதல் நாளிலேயே 90 ரூபாய் வித்தியாசம் ஒரே காரணத்தால் ஆனதன்று என்பது புலப்பட்டது. அது மூன்று துண்டுகளால் ஆனது.

முதல் துண்டு 30 ரூபாய். மருமகள் எப்போதும் செயலியின் முகப்பில் வரும் “மீண்டும் வாங்க” என்ற பொத்தானை அழுத்தியே ஆர்டர் போடுவார். அது அவரை ஏற்கெனவே வாங்கிய அதே விற்பனையாளரிடம் கொண்டுபோய் நிறுத்தியது. அவர் விலை 559. அதே பொருளை வேறொரு விற்பனையாளர் அதே தளத்தில் 529க்குக் கொடுக்கிறார் என்பது, பக்கத்தின் அடியில் உள்ள “பிற விற்பனையாளர்கள்” என்ற வரியைத் தொட்டால் மட்டுமே தெரியும். நாத்தனார் தேடல் வழியாக வந்ததால் இரண்டாமவரின் பக்கம் அவருக்கு நேரே திறந்தது. இதை விலைப் பாகுபாடு என்று சொல்ல முடியாது. விலைகள் இரண்டும் எல்லோருக்கும் திறந்தே இருந்தன. ஆனால் யாரை எந்தக் கதவு வழியாக உள்ளே அழைத்துச் செல்வது என்பதைத் தளம் தீர்மானித்தது. 2012 இல் ஆர்பிட்ஸ் என்ற பயணத் தளம், மேக் கணினியில் வருபவர்களுக்கு விலை கூடிய ஓட்டல்களை முன்வரிசையில் காட்டியதாக வெளிவந்த செய்தியும் இவ்வகையே. அங்கும் அறையின் வாடகை மாறவில்லை, காட்டும் வரிசைதான் மாறியது. பழக்கத்தில் பொத்தானை அழுத்துகிறவரின் வசதியே அவருக்கு இழப்பாக முடிவதால், இந்த 30 ரூபாயை நான் சிறியதாக எண்ணவில்லை.

இரண்டாவது துண்டு 40 ரூபாய். அது இந்த வகைப் பொருளை முதல்முறை வாங்குவோருக்கான கூப்பன். செயலியில் அப்படியே எழுதியும் இருந்தது. நாத்தனாரின் முதல் பில்லில் அது தனியாகத் தெரிந்தது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாருக்கு, எதற்கு என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட்ட சலுகை அது.

மீதி 20 ரூபாய்தான் எங்களை நிறுத்தியது. ஒரே விற்பனையாளர், ஒரே முகவரி, ஒரே நிமிடம். மருமகளின் கணக்கில் 529. நாத்தனாரின் கணக்கில், கூப்பன் தீர்ந்த பிறகும், 509. மகனின் கணக்கில் கூப்பனைக் கழிப்பதற்கு முந்தைய விலை 509. எந்தக் கணக்கிலும் நுழையாத பக்கத்திலும் 509. கைபேசிகளை மாற்றினோம். மருமகளின் கணக்கை நாத்தனாரின் ஐபோனில் திறந்தால் 529 அங்கேயும் வந்தது. நாத்தனாரின் கணக்கை ஆண்ட்ராய்டில் திறந்தால் 509ஆகவே இருந்தது. விலை கைபேசியைத் தொடரவில்லை, கணக்கைத் தொடர்ந்தது. கொளத்தூரில் இருக்கும் உறவினரின் முகவரியை எல்லாவற்றிலும் போட்டபோது விலைகள் ஒட்டுமொத்தமாக மாறின. ஆனால் மருமகளின் கணக்குக்கும் மற்றவற்றுக்கும் இடையிலான இடைவெளி அப்போதும் இருந்தது. அடுத்தடுத்த நாள்களில் அந்த இடைவெளி சில வேளை 15 ரூபாயாகச் சுருங்கியது, ஒரு நாள் முழுதும் காணாமல்போய் மறுநாள் திரும்பி வந்தது. ஒருமுறைகூட மருமகளின் கணக்கில் மற்றவர்களைவிடக் குறைந்த விலை வரவில்லை.

மருமகளிடம் வீட்டுச் செலவு எழுதும் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் 479, 509 என்று வாங்கியவர் பிறகு 529க்கும் அதன்பின் 559க்கும் வந்து சேர்ந்ததை அவர் கையெழுத்திலேயே காண முடிந்தது. பழகப் பழக விலை ஏறியது என்று சொல்ல அந்த நோட்டு இடம் தருவதுபோல் தோன்றினாலும், அந்த இரண்டு ஆண்டுகளில் எல்லோருக்குமே விலை ஏறியிருக்கலாம்; ஒப்பிட அன்றைய மற்றவர் விலை எங்களிடம் இல்லை. அதனால் நோட்டைப் புகாரில் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். நிரூபிக்க முடிந்த 20 ரூபாயை, நிரூபிக்க முடியாத ஒன்றோடு கட்டினால் இரண்டும் சேர்ந்து பலவீனப்படும்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

மாதம் 9 பாக்கெட் என்ற கணக்கில், கணக்கைச் சார்ந்த 20 ரூபாய் மாதத்துக்கு 180 ரூபாயாகிறது. விற்பனையாளர் வேறுபாட்டையும் சேர்த்தால் 450 ரூபாய். மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு, அதுவும் மருந்து, பிசியோதெரபி, பகல்நேர உதவியாளர் என்று ஏற்கெனவே செலவு நீளும் வீட்டுக்கு, இது உணரக்கூடிய தொகை.

எளிய வழியொன்று கண்ணெதிரே இருந்தது: அவ்வப்போது புதிய எண்ணில் புதிய கணக்கு தொடங்கி, கூப்பனையும் குறைந்த விலையையும் பெற்றுக்கொள்வது. மகன் அதைத்தான் சொன்னார். நாங்கள் அதற்கு உடன்படவில்லை. கூப்பன் விதிகளை மீறிய கணக்கு என்று தளம் அதை முடக்கினால், அவசர வேளையில் பொருள் வராமல் போகும். படுத்திருப்பவர் வீட்டில் அந்த ஆபத்தை ஏற்க முடியாது. மேலும், புகார் செய்யப்போகிறவரின் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

அடுத்து, ஒரே நாளில் ஒரே நேரத்தில் இரு கணக்குகளிலிருந்தும் அந்த விற்பனையாளரிடமே ஒவ்வொரு பாக்கெட் வாங்கினோம். திரையில் தெரிந்த விலை, வாங்க வாருங்கள் என்ற வெறும் அழைப்பு மட்டுமே. பணம் கொடுத்து வாங்கியவரே சட்டத்தின் பார்வையில் நுகர்வோர் என்பதால், வீடியோவைக் காட்டிலும் பில்லே வலுவான சான்று. வந்த இரண்டு பில்களும் கவனிக்கத்தக்கவை. இரண்டிலும் எம்.ஆர்.பி. 650 என்றிருந்தது. ஒன்றில் தள்ளுபடி 121, மற்றதில் 141. ஏன் இவருக்கு 121, அவருக்கு 141 என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. ரங்கநாதன் தெருவில் பேரம் பேசும்போது, பக்கத்தில் நிற்பவருக்குக் கடைக்காரர் சொல்லும் விலை நம் காதிலும் விழும். இங்கே அந்தக் காது அடைக்கப்பட்டிருக்கிறது.

புகாரை எந்தச் சட்டத்தில் ஊன்றுவது என்பதற்கு, நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020 போதுமானதாக இருந்தது. 2020 ஜூலை 23 முதல் நடைமுறையில் உள்ள அவ்விதிகளில் 4(11) என்ற உட்பிரிவு இரண்டு தடைகளை விதிக்கிறது: நியாயமற்ற லாபம் பெறும் வகையில் விலையைத் திரிக்கக் கூடாது, ஒரே வகுப்பைச் சேர்ந்த நுகர்வோரிடையே பாகுபாடு காட்டவோ, அவர்கள் உரிமையைப் பாதிக்கும் வகையில் மனம்போன போக்கில் வகைப்படுத்தவோ கூடாது. முதல் தடையை நாங்கள் தொடவில்லை. 529 என்பது சந்தையோடு ஒப்பிட்டால் அநியாய விலை என்று காட்ட எங்களால் இயலாது. இரண்டாவதையே பிடித்துக்கொண்டோம்.

புகாரும் பதில்களும்

அதே விதிகளின்படி ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து அவர் விவரங்களைத் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளர் சேவை அரட்டைப் பெட்டியில் நேரத்தைக் கழிக்காமல், மருமகளின் பெயரில் நேரே குறைதீர் அலுவலருக்கு எழுதினோம். ஒப்புகை உரிய காலத்தில் வந்தது. பதிலும் வந்தது: விலைகளை விற்பனையாளர்களே நிர்ணயிக்கிறார்கள், அவை நேரத்துக்கு நேரம் மாறக்கூடியவை என்று.

கேட்காத கேள்விக்கான பதில் இது. நேரத்துக்கு நேரம் மாறுவதைப் பற்றிப் புகாரில் ஒரு வரியும் இல்லை. இரண்டாவது கடிதத்தில், “ஏன்” என்ற சொல்லையே தவிர்த்துவிட்டு, ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லக்கூடியபடி கேள்விகளை அமைத்தோம். இணைத்துள்ள இரு பில்களும் ஒரே விற்பனையாளரின் ஒரே பொருளுக்கு ஒரே நேரத்தில் போடப்பட்டவையா? 20 ரூபாய் வித்தியாசத்தை ஏற்படுத்தியவர் விற்பனையாளரா, தளமா? இந்தக் கணக்கின் முந்தைய கொள்முதல் விவரம் அவ்விலையை முடிவு செய்யப் பயன்பட்டதா? அதற்குப் பதில் வராமல் ஒரு மாதம் கடந்ததும், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915 இல் பதிவு செய்தோம். அதில் தமிழிலும் பேசலாம். மருமகளே பேசினார், கடிதங்களும் பில்களும் கையில் வரிசையாக இருந்ததால் பதிவு தடையின்றி முடிந்தது. அவ்வழியே புகார் நிறுவனத்துக்குப் போனபின்தான் பொருளுள்ள விளக்கம் கிடைத்தது.

விளக்கத்தின் சாரம் இது: 529 ரூபாய் என்பது விற்பனையாளரின் வழக்கமான விலை. அந்தப் பொருளைச் சமீபத்தில் வாங்காதவர்களையும் புதியவர்களையும் ஈர்ப்பதற்காகத் தளம் தன் செலவில் 20 ரூபாய்வரை விலைக்குறைப்புத் தருகிறது. தொடர்ந்து வாங்கி வரும் கணக்குகள் அதற்குத் தகுதி பெறுவதில்லை. எனவே யாரிடமும் கூடுதலாக வாங்கவில்லை, சிலருக்குக் குறைத்துக் கொடுக்கிறோம்.

இந்த விளக்கம் நாங்கள் கண்டவற்றோடு பொருந்துகிறது என்பதை ஏற்கிறேன். விலைக்குறைப்பு விற்பனையாளருடையது அன்று, தளத்தினுடையது என்பதும் இதில் வெளிவந்தது; முதல் பதில் சொன்னதற்கு இது நேர் மாறு. ஆனால் கணக்கு இல்லாதவருக்கு 509, புதியவருக்கு 509, எப்போதாவது வாங்குபவருக்கு 509 என்றால், வழக்கமான விலை எது? விட்டுவிட்டுப் போகக்கூடியவரைப் பிடித்து நிறுத்தச் சலுகை தருவது வணிகத்தில் புதிதன்று. டயப்பர் மாதந்தோறும் வாங்கும் வீட்டில், வாங்காமல் இருக்கும் வாய்ப்பே கிடையாது. யாருக்குத் தேவை விட முடியாததோ அவரே சலுகைக்குத் தகுதியற்றவராகிறார் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் விளைவு. நோக்கம் அதுவாக இல்லாமல் இருக்கலாம், விளைவு அதுவே.

விளக்கத்தோடு, நல்லெண்ண அடிப்படையில் என்று சொல்லி 500 ரூபாயைத் தளத்தின் வாலட்டில் வரவு வைத்தார்கள். வாலட்டில் இருந்தால் அந்தப் பணத்தை அங்கேயே செலவழிக்க வேண்டியிருக்கும் என்பதால் வங்கிக் கணக்குக்கு அனுப்பும்படி மருமகள் எழுதினார். அனுப்பினார்கள். அந்த 500க்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று கேட்டதற்கும், எந்தெந்தத் தரவைக் கொண்டு தகுதி முடிவாகிறது என்று கேட்டதற்கும், வணிக ரகசியம் என்ற பதிலே கிடைத்தது.

மாவட்ட ஆணையத்துக்குப் போவதா என்ற கேள்வி

5 லட்சம் ரூபாய்வரையிலான கொள்முதலுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால் நிறுவனத்தின் ஊருக்கு அலையவும் வேண்டாம். இணையவழியிலேயே மனு போடவும் முடியும். எனவே தடை பணமோ தூரமோ அல்ல.

தடை இரண்டு. தொடர்ந்து வாங்குபவர் ஒரு வகுப்பு, வாங்காதவர் வேறு வகுப்பு என்று நிறுவனம் வாதிடும். அப்படிப் பிரிப்பது மனம்போன போக்கிலான வகைப்படுத்தலா, வழக்கமான வணிக உத்தியா என்பதை ஆணையம்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு எந்தப் பக்கமும் போகலாம். இரண்டாவது, மருமகளின் நேரம். பள்ளி, வீடு, படுக்கையில் இருப்பவர் என்று நாள் முழுதும் ஓடுபவரிடம், விசாரணைத் தேதிகளையும் ஏற்றுக்கொள்ளச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. வழக்குப் போட வேண்டாம் என்று அவரே முடிவெடுத்தார். கொள்கை அளவில் போயிருக்க வேண்டிய வழக்கு என்றே நான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதன் சுமையைத் தாங்க வேண்டியவர் அவர் என்பதால் அவர் முடிவே சரியான முடிவு. வழக்குத் தொடர்வதற்கான இரண்டு ஆண்டுக் கால வரம்பு இன்னும் முடியாததால் பில்களும் வீடியோக்களும் கடிதங்களும் ஒரே உறையில் அவரிடமே இருக்கின்றன.

அதன்பின் நடந்தவை

புகாருக்குப் பிறகு சில மாதங்கள் மருமகளின் கணக்கிலும் மற்றவர்கள் விலையே வந்தது. பிறகு குடும்பம் அந்தத் தளத்தை நம்பியிருப்பதைக் குறைத்துக்கொண்டது. தாம்பரம் பக்கமுள்ள ஒரு சர்ஜிக்கல்ஸ் கடையில் அட்டைப்பெட்டியாக எடுத்தால் பாக்கெட் 480 ரூபாய்க்குக் கிடைத்தது; மகன் மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமையில் போய் வாங்கி வந்து அம்மையாரின் கட்டிலுக்கடியில் அடுக்கி வைக்கிறார். அவசரத்துக்கு மட்டும் இணையத் தளம். அப்போதும் “மீண்டும் வாங்க” பொத்தானைத் தொடாமல் தேடல் வழியாகவே போகிறார்கள்.

குடியிருப்பில் செய்தி பரவியதும் பலர் தங்கள் வீட்டுக் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தனர். பெரும்பாலான வித்தியாசங்கள் கூப்பன், வங்கி அட்டைச் சலுகை, உறுப்பினர் சந்தா, விநியோகக் கட்டணம், வேறு விற்பனையாளர் என்ற காரணங்களில் கரைந்துபோயின. பல பொருள்களில் வித்தியாசமே இல்லை. தளங்கள் எல்லோரையும் எப்போதும் இப்படி நடத்துகின்றன என்று இந்த ஒரு நிகழ்வை வைத்துச் சொல்வது நேர்மையாகாது.

மாற்ற வேண்டியவை

இதேபோன்ற புகாரோடு இனி யார் வந்தாலும், இறுதித் தொகையை ஒப்பிடுவதற்கு முன் விற்பனையாளர் பெயரை ஒப்பிடும்படி சொல்கிறோம். 90 ரூபாய் என்று தொடங்கிய இந்த விவகாரத்தில் உண்மையில் கேள்விக்குரியது 20 ரூபாய்தான்; 90 என்றே எழுதியிருந்தால், கூப்பனைக் காட்டி நிறுவனம் முழுப் புகாரையும் தள்ளிவிட்டிருக்கும். கணக்கில் நுழையாத பக்கத்தின் விலையை ஒவ்வொரு முறையும் பதிவு செய்வதும் கட்டாயம். வழக்கமான விலை எது என்ற வாதத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது அந்தப் பதிவே.

சட்டத்தின் பக்கம் மாற வேண்டியது இதைவிடப் பெரியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல், தானியங்கி முறையில் ஆளுக்கேற்ப விலை வைத்தால் அதை வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், உங்கள் தனிப்பட்ட தரவைக் கொண்டு அல்காரிதம் இவ்விலையை நிர்ணயித்தது என்ற பொருளில் ஒரு வாக்கியத்தை விலைக்கு அருகிலேயே காட்டச் சொல்கிறது. நமது 2020 ஆம் ஆண்டு விதிகள் பாகுபாட்டைத் தடுக்கின்றன; ஆனால் விலை ஆளுக்கேற்ப வைக்கப்பட்டது என்று தெரிவிக்க வேண்டும் என்ற வெளிப்படையான கட்டளை அவற்றில் இல்லை. தெரியாத ஒன்றைப் பற்றி யாரும் புகார் செய்ய முடியாது. அண்ணனும் தங்கையும் ஒரே கட்டடத்தில் குடியிருக்கும் தற்செயலை நம்பியா நுகர்வோர் தன் உரிமையை அறிந்துகொள்ள வேண்டும்?

ஆகவே எங்கள் சங்கத்தின் சார்பில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறைக்கு எழுதியிருக்கிறோம். கேட்டிருப்பவை இரண்டு: பில்லில் தள்ளுபடியை ஒரே தொகையாகக் காட்டாமல், விற்பனையாளர் தந்தது, தளம் தந்தது, கூப்பன் என்று பிரித்துக் காட்ட வேண்டும், கணக்கின் கொள்முதல் விவரம் விலையைத் தீர்மானித்திருந்தால் பணம் செலுத்தும் பக்கத்திலேயே அதைச் சொல்ல வேண்டும். பெயர்களை மறைத்த இரு பில்களின் நகல்களையும், நிறுவனத்தின் விளக்கத்தையும் கடிதத்தோடு இணைத்திருக்கிறோம். கடிதம் கிடைத்ததற்கான ஒப்புகை வந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.